கிணற்றடியில் கிழங்குப் பாத்தி

பலெர்மோவில், எங்கள் தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் எவரும் உட்காரக்கூடாது. அது நிலத்துக்கான கதிரை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். அவர் ஓர் இத்தாலியப் பெண். போர் முடிந்த நாடுகளில் மரம் நட்டும் குளம் திருத்தியும், பகைத்துக்கொண்ட தரப்புகளை ஒன்றாக உட்காரவைக்கும் வேலை செய்பவர். மனிதர்களைப்போல நிலமும் போரில் காயப்பட்டது, முதலில் அந்தக் காயத்தைப் பற்றிப் பேசுவோம், மனிதர்களின் பேச்சு அதன்பின் வரும் என்பது அவருடைய முறை. அவர் இத்தாலியனில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

பிந்தி வந்த ஓர் அன்ரி இடமில்லாமல் சுவரோடு நின்றார். "ரயில் ஸ்தாசியோனேயிலையிருந்து மூச்சு வாங்க ஓடி வாறன். நிலத்துக்குக் கதிரை போட்டாச்சு, எனக்கில்லை."

"பொறுங்கோ, நிலம் எழும்பி உங்களுக்கு இடம் தரும்," என்றார் இன்னொருவர்.

"அக்கா, நீங்கள் அதிலை இருங்கோ," என்றார் அம்மா. "அது என்ரை காணிதானே. நான் சொல்லுறன், இருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ன என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார், ஆனால் அந்த அன்ரிக்கு உள்ளறையிலிருந்து வேறு கதிரைதான் வந்தது.

காணி அம்மாவுடையது என்பது உண்மை. மன்னார்க் கரையோரம், கடலுக்கும் வீதிக்கும் நடுவில், அம்மாவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்த பனங்காணி. நான் பலெர்மோவில் பிறந்தவள். அதைக் காணி உறுதிப் பத்திரத்தோடு இருக்கும் வரைபடத்திலும், விண்ணிலிருந்து எடுத்த செய்மதிப் படங்களிலும் மட்டுமே கண்டிருக்கிறேன். போர்க்காலத்தில் அங்கே ஓர் இராணுவ முகாம் வந்தது. பனைகளைத் தறித்துக் காவலரண் கட்டினார்கள். அம்மாவின் தம்பியை அந்த முகாமின் வாசலுக்குள் கூட்டிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர் வெளியே வந்ததைக் கண்டவர் இல்லை. முகாம் எழும்பிப் போய்க் காணி திரும்பக் கிடைத்தபோது அதில் பனையும் இருக்கவில்லை, கிணறும் இருக்கவில்லை. எல்லாம் ஒரே மட்டமாக நிரவிக் கிடந்தது.

மாமா அந்தக் கிணற்றுக்குள் இருக்கிறார் என்று அம்மா நம்புகிறார். அதே அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து வரும் வழியில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார், தம்பி நடந்து வரவேண்டும் என்று. நவம்பரில் மரித்த ஆன்மாக்களுக்கான பூசையில் வாசிக்கக் கொடுக்கும் பெயர்களில் மாமாவின் பெயர் ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டையும் எப்படி ஒன்றாக நம்புகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"நீ கணக்குப் படிச்சனி. உனக்கு ஏதாவது ஒண்டுதான் சரியா வரவேணும். எனக்கு அப்பிடியில்லை."

நான் படித்தது நில அளவையும் செய்மதிப் படங்களும். வேலை செய்வது ஒரு சிறிய நிறுவனத்தில். திராட்சைத் தோட்டங்களின் படங்களைப் பார்த்து, எந்தப் பக்கம் காய்கிறது, எப்போது தண்ணீர் விடவேண்டும் என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்வோம். அதே பயிற்சியோடு அம்மாவின் கிணற்றையும் தேடியிருக்கிறேன். பழைய படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பிந்திய படத்தில் அது இல்லை. இந்தப் பரப்புக்குள்தான் இருந்திருக்கும் என்று ஒரு வட்டம் போடலாம்; அந்த வட்டம் ஒரு வீட்டு முற்றத்தின் அகலம். அதற்குமேல் என் படிப்பால் போகமுடியவில்லை.

ஒருங்கிணைப்பாளரின் திட்டத்துக்கு அந்தக் கரையோரத் துண்டு முழுவதும் வேண்டியிருந்தது. முகாமால் வெட்டையாகிப்போன காணிகளில் ஊர்க்காரரும், முன்பு அங்கே கடமையில் இருந்தவர்களில் விரும்பி வருபவர்களும் சேர்ந்து மரம் நடுவார்கள். சுற்றியிருந்த காணிக்காரர் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். நடுவில் கிடப்பது அம்மாவின் காணி. அதன் கையெழுத்து பலெர்மோவில் இருந்தது. கூட்டம் இங்கே நடந்ததற்கும் அதுதான் காரணம்.

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பக்கத்துக் காணியில் வீடு கட்டி இருக்கிறார். அன்று மாலையே அழைத்தார்.

"அக்கா, எல்லாரும் கையெழுத்து வைச்சிட்டினம். நீ மட்டும்தான் மிச்சம்."

"முதல் கிணத்தைத் தோண்டிப் பாக்கட்டும். பிறகு எந்த மரத்தை வேணுமெண்டாலும் வைக்கட்டும்."

"ஆர் தோண்டுறது? நீ வந்து தோண்டப்போறியோ? நீ அங்கை இருந்து சொல்லுவாய். இஞ்சை காத்தடிச்சால் சோத்துக்குள்ள மண். பிள்ளையளுக்கு ஒதுங்க ஒரு நிழலில்லை."

"அந்த நிழலுக்குக் கீழை அவன் கிடந்தால்?"

"அவன் எனக்கும் அண்ணன்தான்," என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா போனை வைத்துவிட்டார்.

தோண்டுவது அம்மா நினைத்ததுபோல எளிதானதும் இல்லை. புதைகுழி என்று சந்தேகித்து ஓரிடத்தைத் தோண்ட நீதவானின் உத்தரவு வேண்டும். உத்தரவுக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சின்னம்மா முன்பே கொடுத்த முறைப்பாடு அந்த இடத்தில்தான் நின்றுபோயிருந்தது. எனக்கு எதையும் வரிசைப்படுத்திப் பார்க்கும் பழக்கம் உண்டு. மறுநாள் பஸ்ஸில், யாருக்கு என்ன வேண்டும் என்று அடுக்கிப் பார்த்தேன். சின்னம்மாவுக்கு நிழல். ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு கையெழுத்து, நல்ல மனத்தோடு கேட்கப்பட்டது. அம்மாவுக்கு ஒரு குழி. எனக்கு என்ன வேண்டும் என்ற வரிக்கு வந்தபோது இறங்கவேண்டிய இடம் வந்துவிட்டது.

அடுத்த கூட்டத்தில் மண்டபத்துச் சுவரில் திரை போட்டு ஊர் வட்டத்தையும் எங்கள் வட்டத்தையும் இணைத்தார்கள். அங்கே நிழலுக்குக் கட்டிய படங்குக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். சின்னம்மா ஓரத்தில் இருந்தார். அவருக்கு எதிரே, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முன்பு அந்த முகாமில் சமையல் செய்த ஒருவர். மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தானாக முன்வந்தவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். கொஞ்சம் தமிழ் பேசினார்.

முதற்கட்டத்தில் நிலத்தைப் பற்றி மட்டுமே பேசலாம். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கக்கூடாது. அம்மாவின் முறை வந்தது.

"நான் நிலத்தைப் பற்றித்தான் கேக்கிறன்," என்று தொடங்கினார். "அந்தக் காணியிலை ஒரு கிணறு இருந்தது. தண்ணி எப்பிடி?"

சமையல்காரரின் முகம் மலர்ந்தது. "தண்ணி நல்லம் அம்மா. நல்ல இனிப்பு. அதிலதான் சோறு சமைச்சது."

"பிறகு?"

"பிறகு பழுது. எடுக்கவேண்டாம் சொன்னது. பவுசர் லொறியில தண்ணி வந்தது."

"நல்ல தண்ணி ஏன் பழுதாப் போச்சு?"

அந்த மனிதர் தன் கைகளைப் பார்த்தார். "நான் குசினி மட்டும் அம்மா," என்றார்.

நான் அதை இத்தாலியனில் சொன்னேன். கேள்வியை உள்ளபடி, பதிலை உள்ளபடி. என் குரல் எப்போதும்போலவே இருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒருங்கிணைப்பாளர் இருவருக்கும் நன்றி சொன்னார். நீரின் தரம் முக்கியமான விடயம், நீர்ப் பரிசோதனையையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்வோம் என்றார். அதையும் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"தண்ணியைச் சோதிப்பினமாம்."

"எந்தத் தண்ணியை?"

கூட்டம் கலைந்தபின் ஒருங்கிணைப்பாளரிடம் மாமாவைப் பற்றி நேராகவே சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். தொடக்கத்திலேயே குற்றம் சாட்டினால் எதிர்த் தரப்பில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள், பிறகு கேட்பதற்கே ஆளிருக்காது, வேறு நாடுகளில் அதைப் பார்த்திருக்கிறேன் என்றார். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க வீடு வரும்வரை முயன்றேன். கிடைக்கவில்லை.

அடுத்து, ஒவ்வொரு குடும்பமும் இழந்தவரின் பெயரில் ஒரு மரத்தைத் தெரிவுசெய்யச் சொன்னார்கள். வேம்பு, புங்கை, புளி என்று பெயர்கள் வந்தன. அம்மா எதையும் தெரிவுசெய்யவில்லை. பெயரிட்டு மரம் வைப்பது செத்தவருக்கு என்றார், என்னிடம் மட்டும்.

பிறகு ஒரு நாள் லிபெர்த்தா வீதியில், அம்மா வேலை செய்யும் வீட்டு வாசலில் காத்திருந்தேன். வீட்டுக்காரச் சின்யோராவுக்கு மருந்து கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, முகத்தில் இஸ்திரிப்பெட்டியின் சூடு இன்னும் இருக்க, அம்மா படியிறங்கி வந்தார்.

"பிள்ளை, பனங்கொட்டை போடச் சொல்லு. என்ரை காணியிலை, நீ வட்டம் போட்ட இடத்திலை."

"பனை வளர எவ்வளவு காலமாகும் அம்மா?"

"மரத்துக்கில்லை. கிழங்குக்கு. மரம் வைச்சால் ஒருத்தரும் கிண்டேலாது. கிழங்கு போட்டால் கிண்டாமல் விடேலாது."

எனக்கு விளங்கச் சற்று நேரமெடுத்தது. ஆவணியில் கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் தையில் கிழங்கு. கிழங்கு மண்ணுக்குள் இறங்கும். அதை எடுக்க மண்வெட்டி இறங்கவேண்டும். எந்த நீதவானிடமும் போகவேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பாளருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. உணவு, விதை, இரு தரப்பும் சேர்ந்து அறுவடை. அம்மா ஏன் கேட்கிறார் என்று அவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். விளங்காததுபோல இருப்பதும் அவரால் செய்யக்கூடிய ஓர் உதவி. அம்மா கையெழுத்து வைத்தார்.

சின்னம்மாவுக்கு மட்டும் அம்மா கூடுதலாக ஒன்று சொன்னார். "பாத்தியை உயத்தவேண்டாம். நிலத்தை ஆழமா வெட்டி, அந்தக் கிடங்குக்குள்ள போடுங்கோ."

"விசரோ அக்கா? ஆரும் கிடங்கு வெட்டிக் கிழங்கு போடுவினமோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

ஆனால் வேலை தெரிந்தவர்களின் கை, தெரிந்தபடிதான் போகும். பனங்கொட்டை என்றதும் ஊர்க்காரர் வழக்கம்போலத் தரைக்கு மேலே மணலைக் குவித்துப் பாத்தி கட்டிவிட்டார்கள். நிலம் வெட்டப்படவேயில்லை. சின்னம்மா அனுப்பிய படத்தில் அழகான நீள்சதுரம், ஓரங்கள் தட்டிச் செம்மையாக்கியபடி. மணல் போதாமல் பாத்தி கொஞ்சம் உயரம் குறைந்து பதிவாக வந்துவிட்டது, குறை நினைக்கவேண்டாம் என்று எழுதியிருந்தார். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் கட்டியிருக்கினம்," என்றார். அன்று சாப்பிடவில்லை.

தை மாத ஞாயிறு ஒன்றில் கிழங்கு கிண்டினார்கள். தமிழ்ப் பூசை முடிந்து வந்து, போனைச் சீனி போட்டுவைக்கும் பேணியில் சாய்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருங்கிணைப்பாளரும் அதே அழைப்பில் இருந்தார். அங்கே வெயில். சமையல்காரர் மண்வெட்டி பிடித்தார். மற்றவர்கள் கிழங்குகளை உருவி மண் தட்டினார்கள். அவருடைய வெட்டு சரியில்லை என்று யாரோ பகிடி பண்ண, "நான் குசினி ஆள், தோட்டவேலை குடுத்தது, இப்பிடித்தான்," என்று அவரே சொன்னார். சிரிப்புக் கேட்டது. பின்னால் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. அம்மா மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை, மண்ணையே பார்த்தார்.

"அதைத் திருப்பிக் காட்டு," என்றார் திடீரென்று. "அந்தக் கிழங்கு. ஏன் வளைஞ்சிருக்கு?"

சின்னம்மா ஒரு கிழங்கைத் தூக்கிக் காட்டினார். நேராக இறங்கி, நுனியில் கொழுக்கிபோல மடங்கியிருந்தது. அடுத்ததும் அப்படி. பாத்தியின் ஓரத் தொங்கலில் எடுத்தவை எல்லாம் நேர். நடுவில் எடுத்தவை எல்லாம் வளைவு. ஒரு வயதான மனிதர், "கீழை கல்லுக் கிடந்தால் இப்பிடித்தான் திரும்பும்," என்றார்.

"மண்ணைக் கையாலை வழி," என்றார் அம்மா. "தங்கச்சி, நீ வழி. கையாலை."

சின்னம்மா போனை யாரிடமோ கொடுத்துவிட்டுக் குந்தினார். மண்ணை வழிக்க வழிக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு தளம் வெளிவந்தது. சீமெந்து. வளைந்த ஓரமும் தெரிந்தது. சமையல்காரர் மண்வெட்டியை நிலத்தில் மெதுவாக வைத்தார், சத்தம் வரக்கூடாது என்பதுபோல. பிறகு நடந்துபோய்த் தூரத்தில் வேலியோடு நின்றார். அண்டா கொதித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் அதை இறக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளர் அழுதுகொண்டே ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறா?"

"நிலம் பேசியிட்டுதாம்."

"பேசினது கேட்டதெல்லோ," என்றார் அம்மா. "அப்ப மூடியைத் தூக்கச் சொல்லு."

தூக்கக்கூடாது. இப்படி ஏதும் வெளிப்பட்டால் வேலையை அந்த இடத்திலேயே நிறுத்திப் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும் என்பது முதலிலேயே எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. அது சரியான விதி. யாராவது கடப்பாரை போட்டால் உள்ளே இருப்பது ஆதாரம் என்ற தகுதியை இழந்துவிடும். நான் அதை அம்மாவுக்கு அமைதியாக, படிப்படியாக விளக்கினேன். அவர் என்னை இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும், "ஒரு கை அகலம் தூக்கிப் பாத்திட்டு மூடேலாதோ?" என்றார்.

"ஏலாது அம்மா."

பொலிசார் வந்து அளந்தார்கள். நீதவான் வந்து பார்த்தார். நிபுணர் வந்து தோண்டும்வரை எவரும் உட்செல்லக்கூடாது என்று உத்தரவானது. கம்பி அடித்தார்கள். நிபுணர் வேறோர் இடத்தில் வேலையாக இருந்தார். வழக்கைத் தள்ளிவைத்தார்கள். பிறகும் தள்ளிவைத்தார்கள். இடையில் திட்டத்தின் காலமும் முடிந்தது. ஒருங்கிணைப்பாளர் வேறு நாட்டுக்குப் போகமுன் விடைபெற வந்தார். தன்னுடைய அறிக்கையின் பிரதி ஒன்றை அம்மாவுக்குக் கொடுத்தார். அதன் அட்டையில் அந்த வளைந்த கிழங்குகளின் படம் இருந்தது. நல்ல அறிக்கை. நான் முழுவதும் வாசித்தேன். அம்மா அட்டையைத் துணியால் துடைத்து, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்தார்.

கம்பி வேலி, தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டது. சமையல்காரரும் அன்றைக்குப் பிறகு வரவில்லை. சின்னம்மா வாளியோடு சுற்றிப் போகவேண்டியிருந்தது.

"உன்ரை பாத்தியாலை என்ரை கன்றெல்லாம் வாடுது அக்கா," என்றார் ஒருநாள். "அண்ணனையும் காணேல்லை, மரத்தையும் காணேல்லை."

அம்மா போனைக் காதில் வைத்தபடியே இருந்தார். வைக்கவில்லை. அந்தப் பக்கமும் வைக்கப்படவில்லை.

மாரி பெய்து முடிந்தபின் புதிய செய்மதிப் படம் வந்தது. சுற்றிவர மங்கலான மண். வேலிக்குள் மட்டும் பச்சை. அம்மா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆர் நட்டது?"

"ஒருத்தரும் நடேல்லை. தானா வந்திருக்கு. உடைமுள்ளு மரமாம், சின்னம்மா சொன்னவ."

"பிடுங்கச் சொல்லு."

"ஆரும் உள்ளை போகேலாது. முள்ளுப் பிடுங்கவும் உத்தரவு வேணும்."

அம்மா சப்பாத்தைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உடைமரத்து வேர் ஆழமாப் போகுமோ?"

எனக்குத் தெரிந்ததை அம்மா கேட்டால் நான் மறைத்ததில்லை. "போகும்."

"சீமெந்து?"

"வெடிப்புக் கண்டால் அதுக்குள்ளாலும் போகும்."

"கிணத்தின்ரை அடிவரைக்கும் போகுமோ?"

"ஓம் அம்மா."

அவர் குனிந்து ஒரு சப்பாத்தைப் போட்டார். மற்றதையும் போட்டார். "அப்ப கெதியா வரச் சொல்லு பிள்ளை," என்றார். யாரிடம் சொல்ல என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் படத்துக்குத் திகதி போட்டு, வேலிக்குள் இருந்த பச்சையைச் சிவப்புக் கோட்டால் சுற்றி, நீதிமன்றப் பதிவாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். முன்பு அனுப்பியவற்றுக்கும் பதில் வந்ததில்லை. பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பிறகு, வேர்கள், என்று எழுதினேன்.